கேபிள் பெட்டியும் தெளிவான படமும்
வகுப்பறைத் தொலைக்காட்சியைச் சீராக அமைக்கும் முறை

இந்தியாவில் தொலைக்காட்சி தோன்றிய நாள் முதலே அது பள்ளிக்கூடத்தோடு உறவு பூண்டு வந்துள்ளது. 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை ஒளிபரப்புத் தொடங்கியது. 1961-இல் தில்லிப் பள்ளி மாணவர்களுக்கெனப் பாடங்கள் ஒளிபரப்பாயின. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம் செயற்கைக்கோளின் வாயிலாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் சென்றடைந்தன. அக்காலத்துப் படம் 625 வரிகளால் ஆனது. அவற்றுள் கண்ணுக்குப் புலப்படுபவை 576 மட்டுமே. இன்று 1080 வரிகள் கொண்ட உயர்தெளிவுப் படம், அதாவது எச்.டி. படம், கேபிள் வழியாகச் சிற்றூர்ப் பள்ளிக்கும் வந்து சேர்கிறது.

ஆனால் எச்.டி. கருவியை வாங்கி வைத்துவிட்டதனாலேயே எச்.டி. படம் கிடைத்துவிடாது. ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அங்கே 43 அங்குல எச்.டி. தொலைக்காட்சி ஒன்று உண்டு, எச்.டி. கேபிள் பெட்டியும் உண்டு, மாதந்தோறும் எச்.டி. அலைவரிசைகளுக்குக் கட்டணமும் செலுத்தப்படுகிறது. ஆயினும் புவியியல் பாடத்தில் வரைபடம் தோன்றும்போது, முன் வரிசைப் பிள்ளைகளே ஆறுகளின் பெயர்களைத் தடுமாறிப் படிக்கிறார்கள். கடைசி வரிசையில் உள்ளவர்கள் படிக்க முயல்வதையே விட்டுவிட்டார்கள். தொலைக்காட்சி பழுதாகிவிட்டது என்று கருதிய ஆசிரியர், புதியது ஒன்று வேண்டுமென விண்ணப்பம் எழுதுகிறார். உண்மையில் அங்கு ஒரு கருவியும் பழுதாகவில்லை. பெட்டியிலிருந்து திரைக்குச் செல்லும் கம்பியும், பெட்டியினுள் உள்ள ஓர் அமைப்பும் தவறாக இருக்கின்றன, அவ்வளவே. இத்தகைய பிழைகளைக் கண்டறிந்து திருத்தும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

படம் எதனால் ஆனது?

திரையில் நாம் காணும் படம் நுண்ணிய புள்ளிகளின் தொகுதியாகும். சாதாரணத் தெளிவுடைய, அதாவது எஸ்.டி. ஒளிபரப்பில், ஒரு வரியில் 720 புள்ளிகளும் அத்தகைய 576 வரிகளும் உள்ளன. மொத்தம் 4,14,720 புள்ளிகள். எச்.டி. ஒளிபரப்பின் முழு அளவில் ஒரு வரியில் 1920 புள்ளிகளும் 1080 வரிகளும் உள்ளன; மொத்தம் 20,73,600 புள்ளிகள். இரண்டாவது தொகை முதலாவதைப்போல் சரியாக ஐந்து மடங்கு என்பதை மாணவர்களைக் கொண்டே வகுத்துப் பார்க்கச் செய்யலாம்.

இந்த ஐந்து மடங்கு நம் நாட்டு எழுத்துகளுக்குப் பெரிதும் வேண்டப்படுவதாகும். தமிழில் மெய்யெழுத்தின் தலைமீது நிற்கும் புள்ளி, தேவநாகரியில் தலைக்கோட்டின்மேல் இடப்படும் புள்ளி, பிற எழுத்துகளில் உயிர்க்குறிகளின் சிறு வளைவுகள் ஆகியவை எழுத்தின் உயரத்தில் மிகச் சிறு பங்கே ஆகும். வரைபடத்தில் உள்ள ஓர் எழுத்துக்கு எஸ்.டி. படத்தில் எட்டு வரிகள் கிடைத்தால், அதன் புள்ளிக்கு ஒரு வரிதான் கிடைக்கும். அந்த ஒரு வரியும் மங்கினால் ‘கல்’ என்பது ‘கல’ என்றாகிவிடும். எச்.டி. படத்தில் அதே எழுத்துக்குப் பதினைந்து வரிகள் கிடைக்கின்றன, புள்ளி பிழைத்துக்கொள்கிறது.

சங்கிலியின் ஐந்து கண்ணிகள்

நிலையத்திலிருந்து புறப்படும் படம் கண்ணை அடையுமுன் ஐந்து கண்ணிகளைக் கடக்க வேண்டும். அவை: (1) தேர்ந்தெடுக்கும் அலைவரிசை, (2) பள்ளிக்குள் வரும் கேபிள் கம்பி, (3) கேபிள் பெட்டியின் வெளியீட்டு அமைப்பு, (4) பெட்டியையும் தொலைக்காட்சியையும் இணைக்கும் கம்பி, (5) தொலைக்காட்சித் திரையின் அமைப்பு. ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே ஆகும் என்பதுபோல, படத்தின் தெளிவும் இவ்வைந்தனுள் மிகக் குறைந்த கண்ணியின் தெளிவாகவே அமையும். ஒரு கண்ணியில் 576 வரிகளாகச் சுருங்கிய படத்தை அடுத்த கண்ணி பெரிதாக்கிக் காட்டலாம். ஆனால் இழந்த நுட்பத்தை மீட்டுத் தர எதனாலும் இயலாது. ஆகவே கண்ணிகளை மேற்கூறிய வரிசையிலேயே சோதிக்க வேண்டும். நடுவில் தொடங்கினால் காரணம் அகப்படாமல் வீண் அலைச்சல் நேரும்.

முதற் கண்ணி: அலைவரிசை

ஒரே அலைவரிசை எஸ்.டி. வடிவில் ஓர் எண்ணிலும், எச்.டி. வடிவில் வேறோர் எண்ணிலும் வருவது வழக்கம். பெயரின் இறுதியில் எச்.டி. என்ற எழுத்துகள் உள்ளனவா எனத் திரையின் தகவல் பட்டையில் பார்க்க வேண்டும். பழக்கத்தினால் பழைய எண்ணையே அழுத்திக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாக நிகழும் தவறாகும். எச்.டி. எண்ணுக்கு உரிய சந்தா செலுத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்க. கல்வி அலைவரிசை எஸ்.டி. வடிவில் மட்டுமே கிடைக்குமாயின், அதற்குமேல் தெளிவைப் பெட்டியிடம் எதிர்பார்த்தல் பயனற்றது. அந்நிலையில் பின்வரும் கண்ணிகளைச் சீராக்கி, உள்ள 576 வரிகளையும் இழக்காமல் காப்பதே நம் வேலையாகும்.

பெட்டியே எஸ்.டி. வகையினதா என்பதும் நோக்கத்தக்கது. பெட்டியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டிலோ முகப்பிலோ எச்.டி. என்ற குறி இருக்கும். அக்குறியும் இன்றி, பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. எனப்படும் தட்டையான துளையும் இன்றி இருப்பின் அது எஸ்.டி. பெட்டியே. அதனை மாற்றித் தருமாறு கேபிள் நடத்துநரைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் கண்ணி: உள்ளே வரும் கம்பி

நம் நாட்டில் கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறுவதற்கு 2012 முதல் 2017 வரை நான்கு கட்டங்களாகக் காலவரையறை விதிக்கப்பட்டது. அதற்கு முந்திய அனலாக் முறையில் சமிக்ஞை குறைந்தால் படத்தில் பனி பெய்வதுபோல் புள்ளிகள் தோன்றும். படம் சிறிது சிறிதாக மங்கும். டிஜிட்டல் முறையின் இயல்பு வேறு. இங்குக் கம்பி வழியே வருவன எண்கள். எண்கள் பிழையின்றி வந்தால் படம் முழுமையாக இருக்கும். பிழை ஓர் எல்லையைக் கடந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும், ஒலி அறுபடும். சமிக்ஞைக் குறைவினால் எழுத்து மழுங்குவதும் இல்லை. நிறம் வெளிறுவதும் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பாதி நோய்களின் காரணம் உடனே விளங்கிவிடும்.

சமிக்ஞை எங்கே குறைகிறது என்பதை டெசிபல் கணக்கினால் அறியலாம். 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகிறது. ஒரு கம்பியை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் சுமார் 3.5 டெசிபலையும், நான்காகப் பிரிப்பது சுமார் 7 டெசிபலையும் குறைக்கும். கேபிள் இணைப்புகளில் வழங்கும் ஆர்.ஜி. 6 வகைக் கம்பி, உயர்ந்த அதிர்வெண்களில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழப்பைத் தரும். ஒரு பள்ளியில் அலுவலக அறையிலே நான்கு வழி ஸ்ப்ளிட்டர், அங்கிருந்து 30 மீட்டர் கம்பி, வகுப்பறையில் மீண்டும் இரு வழி ஸ்ப்ளிட்டர் என்றிருந்தால், இழப்பு 7 + 6 + 3.5 = 16.5 டெசிபல். பெட்டியை அடைவது வந்த ஆற்றலில் ஏறக்குறைய நாற்பத்தைந்தில் ஒரு பங்குதான். நான்கு வழி ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டால் இழப்பு 9.5 டெசிபலாகக் குறைந்து, ஒன்பதில் ஒரு பங்கு கிடைக்கும்.

அதிர்வெண் உயர உயரக் கம்பியின் இழப்பும் உயர்கிறது. ஆகையால் சில அலைவரிசைகள் மட்டும் உறைந்து நின்று, பிற நன்றாகத் தெரிந்தால், பெட்டியைக் குறை கூறாமல் கம்பியையும் முனைகளையும் முதலில் ஐயுறுக. முனையைப் பொருத்துமிடத்தில் மூன்றினைக் கவனிக்க வேண்டும்: நடுவிலுள்ள செம்புக் கம்பி நேராகவும் பளபளப்பாகவும் முனைக்கு வெளியே சுமார் 3 மி.மீ. நீண்டும் இருத்தல் வேண்டும். சுற்றிலுமுள்ள வலைக் கம்பியின் ஓர் இழைகூட நடுக் கம்பியைத் தொடலாகாது. திருகு முனையைக் கையால் இறுக முடுக்க வேண்டும். வெளியிலிருந்து சுவரைத் துளைத்து வரும் கம்பியைத் துளைக்கு முன்னர்ச் சிறிது கீழே தொங்குமாறு வளைத்து விட்டால், மழைநீர் அவ்வளைவிலேயே சொட்டி விழும்; முனைக்குள் புகாது.

இழப்பைச் சரிக்கட்ட உடனே ஆம்ப்ளிஃபையர் வாங்கும் வழக்கம் நன்றன்று. அது நல்ல சமிக்ஞையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். முதலில் வேண்டாத ஸ்ப்ளிட்டர்களை நீக்குக. அதன் பின்னரும் குறை நீடித்தால் நடத்துநரின் பணியாளரை வரவழைத்து அளவுக் கருவி கொண்டு அளக்கச் செய்க.

மூன்றாம் கண்ணி: பெட்டியின் வெளியீடு

பல பள்ளிகளில் பிழை நேரும் இடம் இதுவே. எச்.டி. படத்தைப் பெற்ற பெட்டி, அதனை எத்தனை வரிகளாக வெளியே அனுப்புவது என்பது அதன் மெனுவிலுள்ள ஓர் அமைப்பைப் பொறுத்தது. பொருத்தியவர் அதனை 576 என்றே விட்டுச் சென்றிருக்கக்கூடும். அவ்வாறாயின் 1080 வரிகளும் பெட்டிக்குள்ளேயே பாதியளவாகச் சுருங்கிப் போகும்.

ரிமோட்டில் மெனுவை அழுத்தி, அமைப்புகள் என்னும் பகுதிக்குச் சென்று, ‘வீடியோ அவுட்புட்’ அல்லது ‘ரெசல்யூஷன்’ என்று குறிக்கப்பட்ட இடத்தைத் திறக்க வேண்டும். அங்கே 576, 720, 1080 ஆகிய எண்களோடு ‘ஐ’, ‘பி’ என்னும் ஆங்கில எழுத்துகள் ஒட்டி நிற்கும். ‘ஐ’ என்பது ஒற்றை வரிகளை ஒருமுறையும் இரட்டை வரிகளை மறுமுறையும் மாற்றி மாற்றி அனுப்பும் முறை. ‘பி’ என்பது எல்லா வரிகளையும் ஒருங்கே அனுப்பும் முறை. நம் நாட்டு எச்.டி. ஒளிபரப்பில் வழங்குவது 1080 ‘ஐ’: நொடிக்கு 50 முறை, ஒவ்வொரு முறையும் 540 வரிகள். இப்பாதிகளை இணைத்து முழுப் படமாக்கும் வேலையைப் பெட்டியும் செய்யலாம், தொலைக்காட்சியும் செய்யலாம். 1080 ‘ஐ’ என வைத்தால் அவ்வேலை தொலைக்காட்சியைச் சேரும். 1080 ‘பி’ என வைத்தால் பெட்டியைச் சேரும். எது நன்கு செய்கிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். ஓடும் மாந்தர், பந்து முதலியவற்றின் விளிம்பில் சீப்பின் பற்கள்போல் கோடுகள் தெரிந்தால், ஒன்றை விடுத்து மற்றதை வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே இடத்தில் 50, 60 என்ற எண்கள் தோன்றினால் 50 என்பதையே தேர்ந்துகொள்க. ஒளிபரப்பு நொடிக்கு 50 என்ற கணக்கில் வரும்போது பெட்டி 60 ஆக மாற்றி அனுப்பினால், நகரும் எழுத்துகள் தட்டுத்தடுமாறிச் செல்லும்.

32 அங்குலத் தொலைக்காட்சிகளுள் பல, ‘எச்.டி. ரெடி’ என்ற பெயரில் 1366 x 768 புள்ளிகளே உடையவை. அவற்றில் 720 ‘பி’, 1080 ‘ஐ’ இரண்டையும் வைத்து ஒப்பிட்டு, எழுத்து எதில் தெளிவாக உள்ளதோ அதனையே நிலைநிறுத்துக.

நான்காம் கண்ணி: இணைக்கும் கம்பி

பெட்டியின் பின்புறத்தில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத் துளைகள் மூன்றும், எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றும் இருக்கும். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு உரியவை. படம் முழுவதும் மஞ்சள் கம்பி ஒன்றின் வழியே சென்றாக வேண்டும். ஒளியையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும் பழைய முறை அது. 576 வரிகளுக்கு மேல் அதனால் சுமக்க இயலாது. கலந்தவற்றைத் திரையில் மீண்டும் பிரிக்கும்போது எழுத்துகளின் ஓரங்களில் நிறக் கசிவும் ஊர்ந்து செல்லும் புள்ளிகளும் தோன்றும். நாம் மேலே கண்ட பள்ளியில் வரைபடம் மங்கியதற்கு இந்த மஞ்சள் கம்பியே முதற் காரணம்.

எச்.டி.எம்.ஐ. கம்பி படத்தையும் ஒலியையும் எண்களாகவே கொண்டு செல்கிறது. அதனை இரு முனைகளிலும் முழுதும் உட்செலுத்தி, மஞ்சள் கம்பியை அறவே நீக்கிவிட வேண்டும். இரண்டும் இணைந்திருக்கும்போது தொலைக்காட்சி பழைய வழியையே தேர்ந்து நிற்பதுண்டு. பிறகு ரிமோட்டில் ‘சோர்ஸ்’ என்னும் பொத்தானை அழுத்தி, கம்பி செருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விலை உயர்ந்த எச்.டி.எம்.ஐ. கம்பி நிறத்தை அழகாக்கும் என்று கடையில் சொல்லப்படுவது உண்மையன்று. எண்கள் பிழையின்றிச் சென்றடைந்தால், மலிவான கம்பியின் படமும் விலையுயர்ந்த கம்பியின் படமும் ஒன்றே. குறையுள்ள கம்பி படத்தை மங்கச் செய்யாது. மின்னும் புள்ளிகளையோ விட்டுவிட்டுக் கருந்திரையையோ தோற்றுவிக்கும். 5 மீட்டருக்கு உட்பட்ட சாதாரணக் கம்பி வகுப்பறைக்குப் போதுமானது. பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அருகிலேயே வைத்தால் இக்கம்பி குறுகியதாக அமையும்.

ஐந்தாம் கண்ணி: திரையின் வடிவமும் நிறமும்

பழைய படத்தின் அகலமும் உயரமும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் அமைந்தவை. இன்றைய திரை 16-க்கு 9. பழைய படத்தை இழுத்துத் திரை முழுதும் நிரப்பினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகும். வட்டம் முட்டையாகும், கோணங்கள் பலவும் மாறிவிடும். வடிவகணிதப் பாடம் நடத்துவோர் இதனைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. பெட்டியில் திரை விகிதத்தை 16:9 என அமைத்து, 4:3 நிகழ்ச்சிகளுக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டை கண்ணுக்கு அழகன்று. ஆயினும் அதுவே உண்மையான படம்.

பல தொலைக்காட்சிகள் படத்தைச் சற்றே பெரிதாக்கி, நான்கு ஓரங்களிலும் சிறு பகுதியை வெட்டிவிடுகின்றன. பழைய குழாய்த் திரைகளின் ஓரக் குறையை மறைக்க எழுந்த இவ்வழக்கம் இன்றைய திரைக்கு வேண்டுவதில்லை. இதனால் ஓரத்து எழுத்துகள் மறைவதோடு, புள்ளிகள் யாவும் இடம்பெயர்ந்து மழுங்குகின்றன. தொலைக்காட்சியின் படவளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’, ‘1:1’ முதலிய பெயர்களில் ஒன்று காணப்படும். அதனை வைத்தால் ஒளிபரப்பின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் சரியாகப் பொருந்தும்.

அடுத்தது ஒளியும் நிறமும். கடையில் பலவற்றுக்கிடையே பளிச்சென்று தெரிவதற்காக ஏற்பட்ட ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’ என்னும் அமைப்பு வகுப்பறைக்கு உரியதன்று. ‘ஸ்டாண்டர்டு’ என்பதைத் தேர்ந்துகொண்டு பின்வருமாறு திருத்துக:

1. ‘பிரைட்னஸ்’ கருமையின் அளவைத் தீர்மானிப்பது. கருங்கூந்தலின் இழைகள் ஒரே கறையாகத் தெரிந்தால் சிறிது கூட்டுக. கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் குறைக்க.
2. ‘கான்ட்ராஸ்ட்’ வெண்மையின் அளவைத் தீர்மானிப்பது. வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்து ஒரே வெளிச்சமாகத் தெரிந்தால், மடிப்புகள் தோன்றும்வரை குறைக்க.
3. ‘கலர்’ அளவை மனித முகத்தையும் பச்சிலையையும் பார்த்து அமைக்க. முகம் செம்மண் நிறமாக இருத்தல் கூடாது.
4. ‘ஷார்ப்னஸ்’ மிகுந்தால் தெளிவு மிகும் என எண்ணுவது தவறு. அது எழுத்துகளைச் சுற்றி வெண்ணிற விளிம்பைப் பூசுவதேயாகும். அவ்விளிம்பு மறையும்வரை குறைக்க.
5. இரைச்சல் நீக்கும் அமைப்பு எச்.டி. படத்தின் நுட்பங்களையும் சேர்த்து அழிக்கக்கூடும். அதனை நிறுத்தி வைக்க.

இத்திருத்தங்களைப் பாடம் நடக்கும் வேளையில் உள்ள வெளிச்சத்திலேயே செய்ய வேண்டும். எதிரே உள்ள சன்னலின் ஒளி திரையில் பட்டுத் திரும்புமாயின் எந்தத் திருத்தமும் பயன் தராது. திரையைத் திருப்புவதோ சன்னலுக்குத் திரையிடுவதோ முதல் வேலையாகும்.

கண்ணின் எல்லை

ஐந்து கண்ணிகளும் சீரான பின், ஆறாவதாக எஞ்சுவது பார்ப்பவரின் கண். இயல்பான பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான 1 கலைக்குக் குறைந்த கோணத்தில் அமைந்த இரு கோடுகளைப் பிரித்தறிய இயலாது. சுமார் 3.4 மீட்டர் தொலைவில் உள்ள 1 மி.மீ. நீளம் கண்ணில் இந்த 1 கலைக் கோணத்தை அமைக்கிறது.

43 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 535 மி.மீ. அதில் 1080 வரிகள் இருப்பின் ஒரு வரியின் உயரம் சுமார் 0.5 மி.மீ.; 576 வரிகள் இருப்பின் சுமார் 0.93 மி.மீ. ஆகவே 1080 வரிகளையும் கண் முழுதாகப் பயன்கொள்ள 1.7 மீட்டருக்குள் அமர வேண்டும். 3.2 மீட்டருக்கு அப்பால் அமர்ந்தவருக்கு 576 வரிகளே கண்ணின் எல்லையை நிரப்பிவிடும். ஒளிபரப்பில் தகவலை அமுக்குவதால் எஸ்.டி. படத்தில் நேரும் குறைகள் சற்று அப்பாலும் தெரியலாம். ஆயினும் பொது விதி இதுவே. பிற திரைகளின் அளவுகள் வருமாறு:

32 அங்குலம்: உயரம் 40 செ.மீ.; எச்.டி. முழுப் பயன் 1.3 மீட்டர் வரை, எச்.டி. மிகைப் பயன் 2.4 மீட்டர் வரை.
43 அங்குலம்: உயரம் 53.5 செ.மீ.; முழுப் பயன் 1.7 மீட்டர் வரை. மிகைப் பயன் 3.2 மீட்டர் வரை.
55 அங்குலம்: உயரம் 68.5 செ.மீ.; முழுப் பயன் 2.2 மீட்டர் வரை. மிகைப் பயன் 4.1 மீட்டர் வரை.

இதிலிருந்து பெறப்படும் உண்மையை மறைத்துப் பயனில்லை. 7 மீட்டர் தொலைவில் உள்ள கடைசி வரிசைப் பிள்ளைக்கு எச்.டி. படம் தனியாக எந்த உதவியும் செய்யாது. அப்பிள்ளைக்கு வேண்டுவது பெரிய எழுத்து அல்லது அண்மை. இயல்பான கண் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து 5 கலை உயரமுடையது. தயக்கமின்றி வாசிக்க அதன் இருமடங்கு வேண்டும். அதாவது தொலைவின் ஒவ்வொரு மீட்டருக்கும் எழுத்தின் உயரம் சுமார் 3 மி.மீ. இருத்தல் வேண்டும். 7 மீட்டருக்கு 21 மி.மீ.; 43 அங்குலத் திரையில் இது உயரத்தின் இருபத்தைந்தில் ஒரு பங்காகும். வரைபடத்தின் 8 மி.மீ. எழுத்தை எளிதில் படிக்க 2.7 மீட்டருக்குள் அமர வேண்டும்.

எனவே வரைபடப் பாடத்தின்போது பிள்ளைகளைப் பாயில் அமர்த்தி முன்னே கொணர்தல், வகுப்பை இரு பிரிவாக்கிக் காட்டுதல், பெயர்களைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்தல் ஆகியவற்றுள் ஒன்றை ஆசிரியர் மேற்கொள்ள வேண்டும். பக்கத்தில் அமர்ந்தவர் படிக்கும் எழுத்தை ஒரு பிள்ளை மட்டும் படிக்க இயலாமற்போனால், அது திரையின் குறையன்று. அப்பிள்ளையைத் தாமதமின்றிக் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

குறியும் காரணமும்

களப் பணியாளர் விரைந்து முடிவு காண்பதற்காகக் குறிகளும் காரணங்களும் கீழே தொகுத்துத் தரப்படுகின்றன.

படம் கட்டம் கட்டமாக உடைதல், உறைதல்: உள்ளே வரும் கம்பி, முனை, ஸ்ப்ளிட்டர்.
எழுத்து மழுங்குதல், ஓரத்தில் நிறக் கசிவு: மஞ்சள் கம்பி, எஸ்.டி. எண், 576 வெளியீடு.
வட்டம் நீண்டு தோன்றுதல்: திரை விகிதம்.
ஓரத்து எழுத்து மறைதல்: தொலைக்காட்சியின் படவளவு.
மின்னும் புள்ளி, விட்டுவிட்டுக் கருந்திரை: எச்.டி.எம்.ஐ. கம்பி அல்லது அதன் தளர்ந்த முனை.
நகரும் எழுத்து தட்டுத்தடுமாறுதல்: 50, 60 அமைப்பு.
எழுத்தைச் சுற்றி வெண் விளிம்பு: மிகுந்த ஷார்ப்னஸ்.

எச்சரிக்கை: கம்பிகளை மாற்றுமுன் பெட்டியையும் தொலைக்காட்சியையும் மின்சாரத்திலிருந்து துண்டிக்க. பெட்டியின் மூடியை எக்காரணத்தாலும் திறக்கலாகாது. கேபிள் கம்பி மின்கம்பிகளைத் தொட்டுச் செல்லுமாயின் அதைத் தொடாமல் நடத்துநருக்கும் மின்வாரியத்துக்கும் அறிவிக்க. இடி கேட்கத் தொடங்குமுன்னரே மின்செருகியையும் கேபிள் முனையையும் கழற்றிவிட வேண்டும். இடி கேட்கத் தொடங்கியபின் கம்பியைத் தொடுதல் ஆபத்து. பெட்டியின் காற்றுத் துளைகளைத் துணியாலோ புத்தகத்தாலோ மூடுதல் கூடாது.

வகுப்பில் செய்து பார்க்க

1. திரையில் கடிகாரமோ சக்கரமோ நேர்முகமாகத் தோன்றும்போது அதன் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளக்கச் செய்க. உயரம் 12 செ.மீ., அகலம் 16 செ.மீ. என வந்தால் 4:3 படம் இழுக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்பதை மாணவர் விகிதக் கணக்கால் நிறுவட்டும்.

2. ஒரே அலைவரிசையின் எஸ்.டி., எச்.டி. எண்களை மாற்றி மாற்றிக் காட்டுக. மாணவர் ஒவ்வொருவராகப் பின்னோக்கி நடந்து, வேறுபாடு தெரியாத இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிடட்டும். அத்தொலைவுகளின் சராசரியை மேலே தந்த அளவோடு ஒப்பிடுக.

3. பள்ளியில் ஸ்ப்ளிட்டர்கள் எத்தனை, கம்பியின் நீளம் என்ன என்று கண்டு, மொத்த இழப்பை டெசிபலில் கணக்கிடுக.

இனி நாம் தொடக்கத்தில் கண்ட பள்ளிக்குத் திரும்புவோம். மஞ்சள் கம்பி நீங்கி எச்.டி.எம்.ஐ. கம்பி வந்தது, வெளியீடு 576-லிருந்து 1080 ஆயிற்று, ஓரம் வெட்டும் அமைப்பு நீக்கப்பட்டது. ஒரு கம்பியின் விலையும் அரைமணி நேர உழைப்பும் தவிர வேறு செலவில்லை. முன்னே பாயில் அமர்ந்த பிள்ளைகள் ஆறுகளின் பெயர்களைத் தாமே படித்துவிடுவார்கள். பின்னே உள்ளவர்களுக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய பெயர்கள் துணை நிற்கும். புதிய தொலைக்காட்சி வேண்டுமென்ற விண்ணப்பத்தை இனி அனுப்ப வேண்டியதில்லை. அத்தொகை வேறொரு வகுப்பறைக்குப் பயன்படட்டும்.